இருபத்திரண்டு புள்ளிகள்

மூளையோடு இயந்திரத்தை இணைப்பது என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நியூராலிங்க். 2024 ஜனவரியில், தோளுக்குக் கீழே உடல் செயலிழந்த ஓர் இளைஞரின் மூளையில் அந்த அமெரிக்க நிறுவனம் 1,024 மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தியது. அவர் கையை அசைக்க நினைத்தார்; கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. வருங்காலம் வந்துவிட்டது என்று உலகெங்கும் எழுதினார்கள்.

திருச்சி புத்தூருக்கு அது முன்பே வந்துவிட்டது. அங்குள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்துகிறார்கள். லால்குடி, முசிறி, துறையூர் என்று சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வரும் எளிய வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு தாயின் இடுப்பில் உட்கார்ந்து வருகிறார்கள். அவர்கள் காதுக்குப் பின்னால், முடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன வட்டத் தகடுதான், நரம்போடு நேரடியாகப் பேசும் ஓர் இயந்திரத்தின் வெளிப்பக்கம்.

2022 வரையிலான கணக்கில் உலகெங்கும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இம்பிளாண்டுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. மூளைக்குள்ளேயே மின்முனை வைத்து எண்ணத்தால் கணினியை இயக்குபவர்களோ இன்னும் ஆய்வுகளில் சேர்ந்த ஒரு சிறு கூட்டம்தான். ஆகவே நரம்புக் கருவிகளின் எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், நன்கு தேறிய இந்தப் பழைய கருவியிடம்தான் முதலில் போக வேண்டும் என்பது என் எண்ணம். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே திணறுகிறது, பொருத்திப் பத்து வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்கிறது. மற்றக் கருவிகள் இனிமேல் நடக்கப்போகும் வழியை இது நடந்து முடித்திருக்கிறது.

புத்தூரிலிருந்து வடக்கே போய்க் காவிரிப் பாலத்தைத் தாண்டினால், ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் வருவது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்த ஊர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு பெறுவதற்கு முன் பல ஆண்டுகள் அவர் ஒலியைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். சாதாரணமாக ஒரு தோல்வாத்தியத்தைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இசையாமல் இரைச்சலாகும். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசிய கருப்பு வட்டம் அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்திச் சுருதி சேர வைக்கிறது என்பதை 1920-இல் நேச்சர் இதழில் அவர் விளக்கினார். தம்மை உருவாக்கிய புத்தகங்களில் ஒன்றாக ராமன் குறிப்பிட்டது, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் ஒலியுணர்வு பற்றி எழுதிய நூலை. காதுக்குள் இருக்கும் காக்ளியா என்ற சுருளில் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுருதிக்கு அதிர்கிறது என்ற கருத்து அந்த நூலில்தான் வலுப்பெற்றது. பின்னால் பெக்கசி என்ற ஹங்கேரிய அறிஞர், சுருளின் வழியே ஓர் அலை ஓடி, சுருதிக்குத் தக்க இடத்தில் உச்சம் கொள்கிறது என்று காட்டி 1961-இல் நோபல் பெற்றார். சுருளின் வாயிலில் கீச்சு ஒலிகள், உள்நுனியில் கனத்த ஒலிகள்.

காக்ளியர் இம்பிளாண்ட் முழுவதும் இந்த ஒரே உண்மையின்மேல் நிற்கிறது. எந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டுகிறோமோ அந்த இடத்தின் சுருதி கேட்கும். 1957-இல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியஸ் என்ற இருவர் காது நரம்பில் கம்பி வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். 1961-இல் லாஸ் ஏஞ்சலீஸில் வில்லியம் ஹவுஸ் காக்ளியாவுக்குள் மின்முனையைச் செலுத்தினார். ஒரே மின்முனையால் தாளம் தெரிந்ததே தவிரப் பேச்சு புரியவில்லை. பல மின்முனைகளைச் சுருளுக்குள் ஆழமாக நுழைப்பது எப்படி என்று மெல்போர்னில் திண்டாடிக்கொண்டிருந்த கிரேம் கிளார்க், விடுமுறையில் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லிதழைச் செருகிப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைத்தும் இருந்ததால் அது வளைந்து உள்ளே போனது. 1978-இல் அவர் பொருத்திய கருவி அந்தப் புல்லின் அமைப்பைக் கொண்டது. அவருடைய தந்தை காது கேளாத ஒரு மருந்துக்கடைக்காரர். வியன்னாவில் இங்கபோர்க் ஹாக்மையர் கிட்டத்தட்ட அதே காலத்தில் இதையே செய்தார். ஒலியைக் கூறாக்கி மின்முனைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறையை அமெரிக்கரான பிளேக் வில்சன் 1991-இல் வெளியிட்டார். மூவருக்கும் 2013-இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

கருவியின் வேலையை இப்படிப் புரிந்துகொள்ளலாம். காதின்மேல் மாட்டிய பகுதியில் மைக் இருக்கிறது. அது பிடித்த ஒலியை ஒரு சிறு கணினி சுருதிவாரியாகப் பிரிக்கிறது. காந்தத்தால் ஒட்டிய வட்டத் தகடு அந்தத் தகவலை ரேடியோ அலையாகத் தோல் வழியே உள்ளே அனுப்புகிறது. மின்சாரத்தையும் அதுவே அனுப்புகிறது. உள்ளே எலும்பில் பதித்த பெட்டி அதை மின்துடிப்புகளாக்கிக் காக்ளியாவுக்குள் இருக்கும் மின்முனைகளுக்குக் கொடுக்கிறது. பரவலாகப் பொருத்தப்படும் ஒரு வகையில் 22 மின்முனைகள். வேறு சிலவற்றில் 12 அல்லது 16. இயல்பான காதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500. அவற்றிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் சுமார் 30,000. அத்தனை செய்த வேலையை 22 செய்ய வேண்டும். போதாததற்கு, காக்ளியாவுக்குள் நிறைந்திருப்பது உப்புத் திரவம். ஈரம் மிகுந்துவிட்ட வாசலில் வைத்த கோலப்புள்ளி கலைந்து பக்கத்துப் புள்ளியைத் தொடுவதுபோல ஒரு மின்முனையின் மின்சாரம் அடுத்ததன் எல்லைக்குள் பரவுகிறது. 22 மின்முனை வைத்தாலும் பெரும்பாலானவர்களுக்கு எட்டு வழிகளுக்கு மேல் பயன் கூடவில்லை என்று சோதனைகள் காட்டின.

இவ்வளவு குறைவான தகவலை வைத்துக்கொண்டு குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது? பேச்சு அவ்வளவு தாராளமான பொருள் என்பதே விடை. 1995-இல் ராபர்ட் ஷானனும் கூட்டாளிகளும் பேச்சைப் பிழிந்து, நான்கே நான்கு சுருதிப் பட்டைகளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் மிச்சம் வைத்துக் காது நன்றாகக் கேட்பவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். அமைதியான அறையில், சிறிது பழகியதும், கிட்டத்தட்ட எல்லாமே புரிந்தது. பேச்சின் பெரும்பகுதி சக்தி காலத்தில் இருக்கிறது: எப்போது எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே அறுபடுகிறது என்பதில்.

இங்கே தமிழுக்கு ஓர் அனுகூலமும் ஓர் இடைஞ்சலும் உண்டு. நம் மொழி கால அளவை நம்பி நிற்கும் மொழி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கல்லும் காலும், படுவும் பாடுவும் வேறுபடுவது பெரிதும் நீளத்தால். பாடுவும் பாட்டும் வேறுபடுவது இடையில் விழும் மௌனத்தால். இவற்றையெல்லாம் இம்பிளாண்ட் நன்றாகவே கடத்துகிறது. ஆனால் வால், வாள், வாழ் என்று மூன்றையும் பிரிப்பது நாக்கு எங்கே தொடுகிறது, எவ்வளவு மடிகிறது என்பது. நாக்கு மடியும்போது ஒலியின் மேல்சுருதிப் பகுதியில் ஆற்றல் குவியும் இடம் கீழே இறங்குகிறது. அந்த நுட்பமான இறக்கம் கலைந்த புள்ளிகளுக்கிடையில் தொலைந்துபோகிறது. மனமும் மணமும் அதே கதி. ஆங்கிலம் பேசும் குழந்தையை மனத்தில் வைத்து ஒலியைக் கூறுபோட்ட கருவி, தமிழ்க் குழந்தைக்கு இந்த இடங்களில் குறைவாகத்தான் உதவ முடியும். மீதியை வாக்கியத்தின் சூழலும், எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவின் உதடும் நாக்கும்தான் சொல்லித்தர வேண்டும்.

இசையில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். இம்பிளாண்ட் வைத்தவர்கள் தாளத்தை ஏறத்தாழ மற்றவர்களைப் போலவே பிடிக்கிறார்கள், சுருதியில் பின்தங்குகிறார்கள். தவிலின் சொற்கட்டு அந்தக் குழந்தைக்குத் தெளிவாக விழும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் முன்னால் வாசிக்கும் வீணை ஏகாந்தத்தில் ஒரு கமகம் இழையும்போது, ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் நடப்பது அதன் கைக்கு எட்டாது. வீணையின் வளைந்த குதிரையைப் பற்றியும் ராமன் எழுதியிருக்கிறார். தந்தியின் மேல்சுருதிகள் செழிப்பாவதற்கு அந்த வளைவே காரணம் என்றார். அந்தச் செழிப்புதான் இன்றைய கருவியில் முதலில் பலியாகிறது. மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியால் நரம்பைத் தூண்டினால் பரவல் குறையும் என்று ஜெர்மனியின் கோட்டிங்கனில் டோபியாஸ் மோசரின் குழு பல ஆண்டுகளாக விலங்குகளில் முயன்றுவருகிறது. அது மனிதருக்கு வரும் நாளில் ஆதாயம் மற்ற மொழிகளைவிட ழகரத்துக்கும் கமகத்துக்கும் சற்று அதிகமாகவே இருக்கும் என்று நம்புகிறேன்.

அறுவை முடிந்து சில வாரம் கழித்துக் கருவியை முதன்முதலாக இயக்குவதை எல்லோரும் ஸ்விட்ச் ஆன் என்றே சொல்கிறார்கள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. பல குழந்தைகள் அழுகின்றன. ஒலி என்ற ஒன்றையே அறியாத மூளைக்குள் திடீரென்று எதுவோ நுழைகிறது. அதற்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. அதன்பின் மேப்பிங்: ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரத்தில் கேட்கத் தொடங்குகிறது, எவ்வளவுக்கு மேல் தாங்காது என்று ஆடியாலஜிஸ்ட் பொறுமையாக அளந்து நிரப்புவார். அதுவும் ஒரு தடவையில் முடியாது. அப்புறம் ஒன்றிரண்டு வருடம் செவிவழிப் பேச்சுப் பயிற்சி. குக்கர் விசில், நாய் குரைப்பு, தன் பெயர் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, இது அது என்று மூளையிடம் ஒப்படைக்க வேண்டும். தயாரிப்பாளர் அனுப்பும்போது அந்தக் கருவி பாதிதான் முடிந்திருக்கிறது. மறுபாதியைச் செய்பவர்கள் மணச்சநல்லூரிலோ திருவெறும்பூரிலோ ஒரு சமையலறையில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை செய்யும் அம்மாவும் பாட்டியும்தான்.

சென்னை அடையாறில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி இதைக் காதொலிக் கருவிக் காலத்திலேயே உணர்ந்திருந்தது. சின்னஞ்சிறு வயதில் சேர்ப்பதையும், பெற்றோரைப் பயிற்சியில் பங்கேற்கச் செய்வதையும் அந்தப் பள்ளி தன் முறையின் நடுவில் வைத்தது. இம்பிளாண்ட் நம் ஊருக்கு வந்தபோது இந்தப் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

ஏன் சின்ன வயது? ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் கை இழந்தவர்களை ஆராய்ந்தார். கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையில் தொடுவதாகச் சிலர் சொன்னார்கள். மூளையின் வரைபடத்தில் கைக்குரிய இடத்தை அடுத்திருந்த முகத்தின் பகுதி ஆக்கிரமித்துக்கொண்டது என்பது அவர் விளக்கம். மூளை எந்த இடத்தையும் தரிசாக விடாது. ஒலி வராத குழந்தையின் கேள்விப் பகுதியைப் பார்வை மெல்ல எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் அனு ஷர்மா இம்பிளாண்ட் வைத்த குழந்தைகளின் மூளை அலைகளை அளந்தார். மூன்றரை வயதுக்குள் கருவி கிடைத்தவர்களின் மூளை, ஒலிக்கு மறுமொழி தரும் வேகத்தில் இயல்பான அளவை எட்டியது. ஏழு வயதுக்குமேல் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் எட்டவில்லை. தமிழக அரசின் திட்டம் ஆறு வயது என்ற வரம்பை வைத்திருப்பதன் நியாயம் இதில் இருக்கிறது. ஆனால் ஐந்தே முக்கால் வயதில் வரும் குழந்தைக்கும் ஒன்றரை வயதில் வரும் குழந்தைக்கும் கிடைப்பது ஒரே கருவிதானே தவிர, ஒரே பலன் இல்லை. பிறந்த சில நாளிலேயே செய்யக்கூடிய ஓ.ஏ.இ. என்ற கேள்திறன் சோதனையும், அதில் தேறாதவர்களுக்கான பெரா சோதனையும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை இறங்கி வந்தால், அறுவை அரங்கில் ஒன்றையும் மாற்றாமலே பலனைப் பெருக்கிவிடலாம். சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும் என்று சமாதானம் சொல்லி ஓட்டும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தையின் கணக்கில்தான் கழிகிறது.

பிறவிக் கேளாமைக்கு நம் பகுதியில் உள்ள ஒரு காரணத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. தாய்மாமனுக்குக் கொடுப்பது, அத்தை மகனைக் கட்டுவது எல்லாம் பாசத்தோடும் சொத்தோடும் பின்னியவை. திட்டித் தீர்த்துவிடக்கூடியவை அல்ல. ஆனால் மரபணு இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிழையைச் சேர்த்துக் கொடுக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. ஜிஜேபி2 என்ற மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்று குறிக்கப்படும் ஒரு பிழை இந்தியர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. அதனால் ஒரு புரதம் 24-ஆவது கண்ணியிலேயே அறுந்து நிற்கிறது. காக்ளியாவின் உப்புச் சமநிலை குலைகிறது. மயிர்ச்செல்கள் பழுதானாலும் நரம்பு பிழைத்திருக்கிறது என்பதால், இத்தகைய குழந்தைகளுக்கு இம்பிளாண்ட் நல்ல பலன் தருகிறது. 2024-இல் சீனாவிலும் அமெரிக்காவிலும் மரபணு சிகிச்சையால் சில குழந்தைகளுக்குக் காது கேட்டது பெரிய செய்தியானது. அது ஓடோஃப் என்ற வேறு மரபணுவுக்கானது. பிறவிக் கேளாமையில் அதன் பங்கு சிறியது.

எல்லாக் குழந்தைக்கும் இந்தக் கருவி பொருந்தாது. பொருந்தினாலும் எல்லோரும் பேச்சுக்கு வந்துவிடுவதில்லை. அவர்களுக்குச் சைகை மொழி முழுமையான ஒரு மொழி. இம்பிளாண்ட் வைத்துவிட்டோம், இனி கையை அசைக்காதே என்று குழந்தையைக் கட்டுப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. எந்த வழியிலாவது ஒரு மொழி உரிய காலத்தில் மூளைக்குள் போய்ச் சேர வேண்டும்.

காது நரம்பே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மின்முனைத் தகட்டை மூளைத்தண்டிலேயே வைக்கிறார்கள். இது உண்மையிலேயே மூளைக் கருவி. இந்தியாவில் இதன் முன்னோடி சென்னை மருத்துவர் மோகன் காமேஸ்வரன். காக்ளியாவில் கிடைக்கும் அளவுக்கு இதில் பேச்சுத் தெளிவு பொதுவாகக் கிடைப்பதில்லை. காக்ளியாவில் சுருதிகள் ஒரு வரிசையில் அடுக்கியிருக்கின்றன. மூளைத்தண்டில் அந்த வரிசை மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்கு மடிந்து கிடக்கிறது. மேலே வைத்த தகட்டால் அதைத் தொட முடிவதில்லை. உள்ளே போகப்போக மூளையின் ஏற்பாடு நமக்குத் தெரிந்த ஒழுங்கைவிட்டு விலகுகிறது. நினைவைப் பதிவிறக்குவோம், அறிவை ஏற்றுவோம் என்று மேடையில் சொல்பவர்கள் இந்தத் தகட்டின் அனுபவத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இனி, பத்தாண்டு கழித்து என்ன ஆகிறது என்பது. உள்ளே வைத்தது பல பத்தாண்டுகள் உழைக்கும். வெளியே மாட்டுவது விளையாடும் பிள்ளையின் காதில் வியர்வையிலும் மழையிலும் தூசியிலும் இருக்கிறது. வட்டத் தகட்டின் ஒயர் அறுகிறது, பேட்டரி தேய்கிறது, ஒரு நாள் தயாரிப்பாளர் அந்த மாடலையே நிறுத்திவிடுகிறார். அறுவையைக் காப்பீடு ஏற்றாலும் ஒரு ஒயரின் விலை கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பெரிய தொகை. கருவி அணைந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கே மீண்டும் மௌனத்துக்குள் போகிறது, வகுப்பில் உட்கார்ந்தபடியே. பார்வைக்கான கருவியில் இதன் கொடிய வடிவத்தை உலகம் பார்த்தது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரையை 350-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியது. 60 மின்முனை, விலை ஒன்றரை லட்சம் டாலர் அளவில். 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு நிறுவனமே மூடும் நிலைக்குப் போனது. கண்ணுக்குள் கருவி இருக்க, அதைச் சரிசெய்ய ஆளில்லாமல் மனிதர்கள் நின்றார்கள். எனவே அரசு மொத்தமாக வாங்கும்போது ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது கருவியின் விலையை மட்டும் இல்லை. எத்தனை ஆண்டுக்கு உதிரிப் பாகம், திருச்சியிலேயே பழுது பார்க்கும் இடம், நிறுவனம் மூடினால் மென்பொருளை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். மூன்று வயதில் பொருத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அது எழுபது வயது வரை தேவைப்படும்.

இதுவரை சொன்னது மூளைக்குள் எழுதும் கருவி. மூளையிலிருந்து வாசிக்கும் கருவி இதன் மறுபக்கம். ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா, மூளையைப் பற்றித் தலைமைச் செயலகம் என்ற நூலை எழுதினார். தமிழ் வாசகர்களில் ஒரு தலைமுறை நியூரான் என்ற சொல்லை அவர் வழியாகவே அறிந்தது. அவர் மறைந்தது 2008-இல். பிரெயின்கேட் குழு, செயலிழந்த ஒருவரின் மூளையில் வைத்த 96 மின்முனைகளால் திரையில் சுட்டியை நகர்த்திக் காட்டியது அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ண ஷெனாயும் ஜேமி ஹெண்டர்சனும் நடத்திய குழு, மனத்தில் எழுதும் கையெழுத்தை நிமிடத்துக்கு 90 எழுத்து வேகத்தில் படித்தது. 2023-இல் அதே ஸ்டான்ஃபோர்டில், பேச முயலும்போது எழும் மூளைத் துடிப்பிலிருந்து நிமிடத்துக்கு 62 சொற்கள். 2024-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில், தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவருக்கு 256 மின்முனைகளோடு சொற்களை 97 சதவீதம் சரியாகக் கொண்டுவந்தார்கள். உதடும் நாக்கும் நகராவிட்டாலும், அவற்றை நகர்த்தச் சொல்லும் கட்டளை மூளையில் எழுகிறது. அதை ஒலி ஒலியாகப் பிரித்து, மொழி மாதிரி ஒன்று சொற்களாகக் கோக்கிறது. சென்னையில் பிறந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ராஜேஷ் ராவ், வாசிப்பதும் எழுதுவதும் ஒன்றாக இணைந்த கருவிகளைப் பற்றி எழுதிவருகிறார்.

தமிழ்நாட்டில் இதற்குக் காத்திருப்பவர்கள் குறைவில்லை. 1954-இல் விபத்தில் தண்டுவடம் முறிந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தே வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தைக் கட்டியெழுப்பினார். 1975-இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இவர்கள் கருவிக்காகக் காத்திருக்கவில்லை. கருவி வரும்போது அது போய்ச் சேர வேண்டிய கைகளை உருவாக்கி வைத்தார்கள்.

ஆனால் அந்தக் கருவி தமிழ் அறியாது. ஸ்டான்ஃபோர்டின் கருவி ஆங்கிலத்தின் 39 ஒலிகளையும் 1,25,000 சொற்களின் பட்டியலையும் நம்பியிருந்தது. தமிழில் பட்டியல் போட்டு மாளாது. வா என்ற ஒரு வினையிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து என்று ஒரே சொல்லாக நீட்ட முடியும். சொல்லை அல்ல, சொல்லின் உறுப்புகளைக் கோக்கும் மாதிரி வேண்டும். அடுத்தது, நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது வேறு. படுத்திருக்கும் ஒருவர் கொஞ்சம் தண்ணி குடும்மா என்றுதான் நினைப்பார். செய்தித்தாள் தமிழில் பழக்கிய கணினி அதைப் பிழை என்று திருத்திவிடக் கூடாது. ஸ்ரீரங்கம் உத்திர வீதியின் பேச்சும் மணப்பாறைச் சந்தையின் பேச்சும் இரண்டும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கை தரும் ஒரு செய்தி உண்டு: ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசிய ஒருவரின் மூளையில் சான் பிரான்சிஸ்கோ குழு 2024-இல் கண்டது, இரண்டு மொழிக்கும் உறுப்புகளை அசைக்கும் கட்டளைகள் பெரிதும் பொது என்பது. ஒரு மொழியில் சேர்த்த தரவு மற்றதற்கு உதவியது. நாக்கை மடக்கும் ண, ள, ழ போன்றவை நாமே சேர்க்க வேண்டியவை.

அதற்கான முதல் கற்கள் விழுந்திருக்கின்றன. சென்னை அருகே எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், பேச்சுத் தசைகள் பாதிக்கப்பட்டவர்களின் தமிழ்ப் பேச்சைத் தொகுத்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சைச் சேகரித்துவருகிறது. நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலைக்கு மூளைக் கருவியே தேவையில்லை. டேவிஸ் நோயாளிக்குக் கணினி பேசியது அவருடைய சொந்தக் குரலில். நோய் முற்றுமுன் பதிவான பேச்சிலிருந்து அந்தக் குரலை உருவாக்கினார்கள். பதிவு இல்லையென்றால் அதைச் செய்திருக்க முடியாது. ஏ.எல்.எஸ். என்று உறுதியாகும் நாளிலேயே, நாக்கு குழறத் தொடங்குமுன், குரலைப் பதிந்து வைக்கச் சொல்வது இங்கும் நரம்பியல் மருத்துவர்களின் வழக்கமாக வேண்டும். கைபேசி போதும், மின்விசிறியை நிறுத்திவிட்டு அமைதியான அறையில், நாளுக்குச் சிறிது நேரம். செய்தித்தாளை வாசிக்கச் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், பால்காரரோடு கணக்குப் பேசட்டும், தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிந்துகொள்ளட்டும், தினம் சொல்லும் பாசுரத்தைச் சொல்லட்டும். அந்தக் கோப்பை வீட்டில் இரண்டு இடங்களில் நகலெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.